கழுவிய தொட்டி

இருதயநாதன் வீட்டுக்கு அந்த மீன் தொட்டி வந்த கதையை முதலில் சொன்னால்தான், அது பாழான கதை விளங்கும்.

இருதயநாதன் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய தங்கை வெனிலாவைக் கோலியனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆன்டனி அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் ஒருநாள், கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். குழந்தை இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இருதயநாதன் தன் ஆட்டோவையே எடுத்துக்கொண்டு தங்கையைக் கூட்டிவரப் போனான். பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாம் மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் வெனிலா. மீன் தொட்டியை மட்டும் விட்டுவரமாட்டேன் என்றாள்.

தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடங்களில் ஊற்றி, மீன்களை ஒரு எவர்சில்வர் தூக்கில் விட்டு மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆட்டோவில் உட்கார்ந்தாள். தண்ணீர் அலம்பக் கூடாது என்று இருதயநாதன் மாட்டுவண்டி போலவே ஓட்டினான். வழியில் ஒரு அம்மாள் கைகாட்டி, நிற்பதற்கு முன்பே ஏறிவிட்டாள். தூக்கைப் பார்த்து, "இன்னாமா, குழம்பா? சிந்திடப் போவுது, கொடு நான் புடிச்சிக்கிறேன், நீ அழுது முடி" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விழுப்புரம் வரைக்கும் அவள் மூடியைத் திறக்கவும் இல்லை, ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் இல்லை. உலகத்தில் இப்படியும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அந்தத் தூக்கில் இருந்தவை நியான் டெட்ரா என்னும் சின்ன மீன்கள். ஊக்கு அளவுதான் இருக்கும். முதுகோரம் ஒரு நீலக்கோடு, வால்பக்கம் சிவப்பு. எல்லாம் ஒரே கூட்டமாகத்தான் திரியும். முன்னால் போகிறது திரும்பினால் அத்தனையும் திரும்பும், அது நின்றால் அத்தனையும் நிற்கும். அவற்றோடு, அடியில் மணலைக் கிளறிக்கொண்டே கிடக்கும் மீசை வைத்த மீன் இரண்டும் இருந்தன. "இதுங்க தனியா பொழைக்காத ஜாதி. கூட்டம் கொறஞ்சா நிறம் செத்துடும், தீனி எடுக்காது" என்று ஆன்டனி சொல்வானாம்.

வெனிலா வந்த புதிதில் நடு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். கேட்டதற்கு 'ம்' என்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டால் தூங்குவாள். காலையிலும் மாலையிலும் எழுந்து ஹாலுக்கு வந்து மீனுக்குத் தீனி போடுவாள், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். சில மாதம் கழித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார ஆரம்பித்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஒருநாள் தானாகவே, "அண்ணா, தொட்டி பல்பு போயிடுச்சு, ஒண்ணு வாங்கினு வா" என்றாள். இருதயநாதன் அன்றைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "பல்பு போயிடுச்சுப்பா, அதுக்குத்தான்" என்று சொன்னான்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டைச் சுமந்தவள் அவன் மனைவி அமல்ராணி.

அமல்ராணிக்குத் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவ் என்கிற ஆவிப்பெட்டியில் வேகவைத்துக் கிருமி நீக்கித் தரும் அறை அவள் பொறுப்பு. "ராணி அனுப்புன ட்ரேயில கண்ண மூடிக்கினு கைய வைக்கலாம்" என்று அங்கே பெரிய டாக்டரே சொல்வார். அந்த அறையில் எப்போதும் புழுக்கம். முழங்கால் வலி வேறு. விடிவதற்குள் சமைத்துவைத்துவிட்டுப் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். திரும்பி வந்தால் பாத்திரம், துணி, ராத்திரிச் சாப்பாடு, வெனிலா சாப்பிட்டாளா என்கிற கவலை. சலித்துக்கொள்ளக்கூட நேரம் இல்லாத சலிப்பு அது. நாத்தனாரை அவள் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் பேசாமல் இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா. அந்தத் தெம்பு தீர்ந்துகொண்டே வந்தது.

ரயிலில்தான் அவள் ஜெபமாலை சொல்வாள். முண்டியம்பாக்கம் வருவதற்குள் மாலையின் முதல் பத்து மணிகள் உருண்டு முடியும். விக்கிரவாண்டியில் இரண்டாவது. பேரணி ஸ்டேஷன் வரும்போது மாலை விரலிலேயே நிற்க, தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருக்கும். பாதியில் தூங்கிவிட்டால் மிச்சத்தை நம் கூடவே இருக்கும் காவல் தூதர், காவல் சம்மனசு, சொல்லி முடித்துவிடும் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய சம்மனசுக்கு வேலை அதிகம்.

ஈஸ்டர் முடிந்தால் வீடு மந்திரிப்பு. பங்குச் சாமியார் தெருத் தெருவாக வந்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அவர்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று கோவிலில் வாசித்தார்கள். அமல்ராணி சனிக்கிழமை லீவு போட்டாள். ஒட்டடை அடித்தாள், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள், மாதா சுரூபத்தை இறக்கி வைத்து அலமாரியைக் கழுவினாள். திரும்பிப் பார்த்தால் பக்கத்திலேயே மீன் தொட்டி. கண்ணாடியில் பச்சையாகப் பாசி. மூலையில் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் சின்ன மோட்டாருக்குள் ஒரு ஸ்பாஞ்சு. அதை இழுத்துப் பார்த்தாள். பழுப்பாக, கொழகொழவென்று, கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சேற்று நாற்றம்.

'மாதா பக்கத்துல இப்படி ஒரு சாக்கடையா' என்று அவளுக்கு மனசு கூசியது. வெனிலா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுவதற்குள் முடித்துவிட்டால் அவளுக்கும் ஒரு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கள்ளம் ஏதும் இல்லை.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, பிடித்து ஒருநாள் வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வெனிலா அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அதனால் பின்கட்டில் வெனிலா பிடித்து வைத்திருந்த தண்ணீரையே எடுத்துக்கொண்டாள். மீன்களைப் பதமாக வாளியில் மாற்றினாள். தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வாசனை போகும்வரை திரும்பத் திரும்ப அலசினாள். மணலைக் கழுவினாள். ஸ்பாஞ்சை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆஸ்பத்திரியில் செய்வதுபோலக் கிருமிநாசினியில் ஊறவைத்து, மறுபடி கொதிக்கவைத்துப் பிழிந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் துணியைக்கூட அவ்வளவு அக்கறையாகக் கழுவியிருக்க மாட்டாள்.

வெனிலா எழுந்து வந்தபோது தொட்டி கண்ணாடி வளையல் மாதிரி மின்னியது. அமல்ராணி ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, "எப்படிமா இருக்குது?" என்று கேட்டாள்.

வெனிலா ஸ்பாஞ்சைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, "பளிச்சுன்னு இருக்குது அண்ணி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வரவில்லை. கெடாரில் சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போய்விட்டார், அடுத்த ஞாயிறு வருவார் என்று கோவில் உபதேசியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். கழுவிய வீடு கழுவினபடி காத்திருந்தது.

இரண்டு நாளில் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல மங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலையில் ஒன்று மிதந்தது. அதற்கு அடுத்து இரண்டு மூன்றாக. வெனிலா அவற்றை டீ வடிகட்டியால் எடுத்துச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தாள். அழவில்லை. வியாழக்கிழமை காலை கூட்டத்தில் மூன்றுதான் மிச்சம். அவையும் கூட்டமாக இல்லை. ஒன்று மோட்டாருக்குப் பின்னால், ஒன்று கல்லிடுக்கில், ஒன்று மூலையில். நீலக்கோடு வெளுத்துப் போயிருந்தது. வெனிலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வைத்த சாப்பாடு வைத்தபடி வெளியே இருந்தது.

இருதயநாதன் அடுப்படிக்கு வந்தான். "கடையில புதுசா கொஞ்சம் வாங்கியாந்து ஊத்திட்டா இன்னா ராணி? அதே மாதிரிதானே இருக்குது. அவளுக்குத் தெரியவா போவுது?" என்றான்.

"தெரியும்" என்றாள் அமல்ராணி. "அது கடையில வாங்குன மீனா அவளுக்கு? பேசாம போங்க."

அன்றைக்கு ரயிலில் அவளால் ஜெபமாலையை எடுக்கவே முடியவில்லை. மறுபடியும் அந்தச் சாத்திய கதவு, மறுபடியும் அந்த 'ம்'. முதலிலிருந்து இன்னொரு முறை சுமக்கத் தன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. 'கடவுளே, நீயே பாத்துக்க. எனக்கு ஆவல' என்று மட்டும் சொன்னாள். அதுவும் ஒரு ஜெபம்தான்.

ஆஸ்பத்திரி லேபில் ஆனந்தராஜ் என்று ஒரு டெக்னீசியன் உண்டு. திண்டிவனத்துக்காரன். ரத்தப் பரிசோதனை செய்கிறவன். அவன் செல்போனைத் திறந்தால் முகப்பில் மீன் தொட்டிப் படம் இருக்கும். டீ நேரத்தில் அது அமல்ராணியின் கண்ணில் பட்டது.

"ஆனந்து, உங்க வீட்டுல மீன் வளக்கறியா?"

"ஆமாக்கா. எங்க வீட்டம்மா என்னை வளக்கறா, நான் மீன வளக்கறேன். ஏன்?"

அவள் சொன்னாள். தண்ணீர் மங்கியது, மேலே வந்து வாயைத் திறந்தது, ஒவ்வொன்றாகச் செத்தது.

"கடைசியா தொட்டிக்கு இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நல்லா சுத்தம்தான் பண்ணேன்."

"எப்படி சுத்தம் பண்ணீங்க?"

"பிளீச்சிங் போட்டு. அந்த ஸ்பாஞ்ச ரெண்டு கொதி கொதிக்கவச்சி, நடுவுல லோஷன்ல ஊறப்போட்டு. ஒரு கிருமி இருக்காது பாத்துக்க."

ஆனந்தராஜ் டீயைக் கீழே வைத்தான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"அக்கா, நீங்க தொட்டிய ஆபரேஷன் தியேட்டர் ஆக்கிட்டீங்க."

"அதுல இன்னா தப்பு?"

"மீனு திங்குது, கழியுது. அந்தக் கழிவு தண்ணியிலயே விஷமா மாறும்க்கா. அந்த விஷத்தத் தின்னு தண்ணிய நல்லதாக்குறது ஒரு கிருமி. அது குடியிருக்குற வீடு அந்த ஸ்பாஞ்சுதான். நமக்குப் பாத்தா அழுக்கு. அது சேர மாசக்கணக்குல ஆவும். அத்த நாங்க குழாய்த் தண்ணியில கூட அலச மாட்டோம். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே சும்மா ஒரு பிழி பிழிஞ்சி வச்சிடுவோம்."

அமல்ராணி தன் இரண்டு கையையும் பார்த்தாள்.

"அப்போ நான்தான் கொன்னேனா?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நான் முத தொட்டி வாங்குனப்போ சோப்பு போட்டேன். சோப்பு. ரின் சோப்பு."

அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். ஆவிப்பெட்டியிலிருந்து ட்ரேக்களை எடுத்து அடுக்கினாள். இத்தனை வருஷமாக அவள் கற்றது ஒன்றே ஒன்று. கிருமி இருந்தால் ஆள் செத்துவிடும், அதைக் கொன்றால் ஆள் பிழைக்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. களைத்துப் போன மனுஷிக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமை அது. அதே கையால், கேட்காமல் கொள்ளாமல், வெனிலாவை எழுப்பி உட்காரவைத்திருந்த ஒன்றை வேகவைத்துக் கொன்றுவிட்டாள். கண்ணீர் வரவில்லை. ஆவியில் முகம் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஆனந்தராஜும் அவன் மனைவி கவிதாவும் நின்றார்கள். கவிதா ஸ்கூட்டரில் வந்திருந்தாள், ஹெல்மெட்டைக்கூட கழற்றவில்லை. கையில் மூடியில்லாத ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதில் கலங்கிய தண்ணீர். தண்ணீருக்குள் பாதியாக வெட்டிய ஒரு ஸ்பாஞ்சு, பழுப்பாக, கொழகொழவென்று.

"எங்க தொட்டியோடதுக்கா" என்றான் ஆனந்தராஜ். "போன் பண்ணேன், இவளே வெட்டி எடுத்தாந்துட்டா. உங்க மோட்டார்ல வச்சிடுங்க. அதுல இருக்குறது அங்க போயி பெருகிக்கும். தினமும் கொஞ்சம் தண்ணிய மட்டும் மாத்துங்க, புடிச்சி வச்ச தண்ணியா. தீனி கொஞ்சமா போடுங்க."

"உங்க தொட்டிக்கு?"

"பாதி இருக்குதுல்ல. கொஞ்ச நாளு மூச்சு வாங்கும். பாத்துக்கலாம்."

"ரெண்டு மூணு செத்தாலும் செத்துடும்னு சொன்னாரு" என்றாள் கவிதா வெளிப்படையாக. "பரவால்ல, உங்க ஊட்டுல இருக்குறதுக்கு அவசரம். நான் கூட இவர திட்டலாம்னுதான் வந்தேன், இந்த வேலைக்கு ஒரு மத்தியானம் வண்டி ஓட்டணுமான்னு. உங்கள பாத்தா திட்ட வரல."

அமல்ராணி தன் டிபன் பாக்ஸைக் கழுவி, அதில் அந்தத் தண்ணீரையும் ஸ்பாஞ்சையும் மாற்றினாள். நாற்றம் குப்பென்று அடித்தது. விரல் தானாகப் பின்வாங்கியது.

"மூடிய அழுத்தி மூடாதீங்க, அதுக்குக் காத்து வேணும்" என்றான் ஆனந்தராஜ்.

"முக்கியமா வழியில கழுவிடாதீங்கக்கா" என்றாள் கவிதா.

சாயங்கால ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. டிபன் பாக்ஸை மடியில் வைத்து, மூடியைச் சற்றுத் தள்ளி விட்டிருந்தாள். மயிலம் தாண்டியதும் எதிரில் இருந்த பெரியவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாமா அது, கருவாடா?"

"இல்லீங்க. ஸ்பாஞ்சு."

அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இத்தயா சாப்புடற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து ஜன்னல் கண்ணாடியை நன்றாக ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவள் தூங்கவில்லை. குலுக்கலில் தண்ணீர் சிந்திவிடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் ஜெபமாலையையும் எடுக்க முடியவில்லை. விரலை எண்ணிக்கொண்டே சொன்னாள். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நின்றபோது ஐந்து பத்து மணிகளும் முடிந்திருந்தன. ஒரு டப்பா அழுக்குக்காக முழு ஜெபமாலை சொன்ன ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் கதவு சாத்தியே இருந்தது. காலையில் வைத்த இட்லி காய்ந்து கிடந்தது. அமல்ராணி செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அறைக் கதவுக்கு வெளியே நின்றாள். என்ன சொல்வது என்று ரயிலில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"வெனிலா. உன் மீன சாவடிச்சது நான்தான்மா. அந்த ஸ்பாஞ்ச கொதிக்கவச்சேன்ல, அதான். எனக்குத் தெரியல. நல்லதுன்னு நெனச்சிப் பண்ணிட்டேன். ஒரு புண்ணியவான் அவங்க தொட்டி ஸ்பாஞ்ச வெட்டிக் கொடுத்துருக்கான். மிச்சம் மூணு பொழைக்குதான்னு பாக்கறேன். நீ என்னைப் பேசணும்னா பேசு."

அமல்ராணி திரும்பித் தொட்டிக்கு முன்னால் வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கையை விட்டாள். மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மறந்துபோயிருந்தது. கல்லிடுக்கில் இருந்த மீன் இன்னும் உள்ளே ஒடுங்கியது.

"அப்படி இல்ல அண்ணி. மோட்டார நிறுத்திட்டுதான் கழட்டணும்."

வெனிலா பின்னால் நின்றாள். ஸ்விட்சை அணைத்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அண்ணியின் கையை விலக்கிவிட்டு மூடியைக் கழற்றினாள். வெளுத்த ஸ்பாஞ்சை எடுத்துப் பாதி கிள்ளிப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸிலிருந்த அழுக்கு ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, அந்த இடத்தில் பொருத்தினாள். அது மோட்டாருக்குள் போனதும் பழுப்பாகக் கொஞ்சம் தூசி கிளம்பித் தண்ணீரில் கலந்தது.

ஸ்விட்சைப் போட்டுவிட்டு அவள் எழுந்துபோகவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ஸ்பாஞ்ச கழுவக்கூடாதுன்னு. அவரு சொல்லிக்கினே இருப்பாரு. அன்னிக்கு எழுந்து வந்தவுடனே பாத்தேன். நீங்க அப்படியே ஈரத்தோட சாஞ்சி உக்காந்துக்கினு எப்படி இருக்குதுன்னு கேட்டீங்க. உங்க மொகத்த பாத்துட்டு எப்படிச் சொல்றது. ஒருவேள ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்." அவள் தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தாள். "அப்பவே சொல்லியிருந்தா எதாவது பண்ணியிருக்கலாம். ஒவ்வொண்ணா எடுத்துப் புதைக்கும்போது நான்தான் வாய மூடிக்கினு இருந்து கொன்னுட்டேன்னு இருந்துச்சு. அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்னு இருந்துச்சு. உங்க மேல கோவம் இல்ல."

இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் நல்லதுதான் நினைத்திருக்கிறார்கள். ஒருத்தி கேட்காமல் செய்தாள், ஒருத்தி சொல்லாமல் பொறுத்தாள். அன்பு இருந்தால் மட்டும் போதவில்லை, அதற்கு வாயும் இருக்க வேண்டியிருக்கிறது.

"ஒன்றரை வருஷமா இந்த வீட்டுல யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றாள் அமல்ராணி மெதுவாக. "நானும்தான். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்குது வெனிலா."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபிறகு கொஞ்சம் பயமாக இருந்தது.

வெனிலா அவள் கையைப் பார்த்தாள். அழுக்குத் தண்ணீர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது. தன் முந்தானை முனையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"இன்னா நாத்தம் அண்ணி, சோத்து டப்பாவுலயா எடுத்தாந்தீங்க?"

"கழுவிக்கலாம். இத்த கழுவலாம்ல?"

வெனிலாவின் வாய் ஒருபக்கம் கோணியது. சிரிப்பென்று முழுதாகச் சொல்ல முடியாது.

மறுநாள் அமல்ராணி வேலைக்குப் போனபோது வெனிலா எழுந்திருந்தாள். வாளித் தண்ணீர் மொண்டு கொஞ்சம் மாற்றினாள். சனிக்கிழமையும் மாற்றினாள். மூன்றும் சாகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மோட்டாருக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்து கல்லிடுக்கில் இருந்ததோடு நின்றது. மீசை மீன்கள் இரண்டும் எதுவும் நடக்காததுபோல மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. ஆனந்தராஜ் போனில், "இன்னும் புதுசு விடாதீங்க, தண்ணி தேறட்டும். அப்புறம் எங்களுதுலேருந்து கொஞ்சம் தர்றேன். மூணு போதாது, அதுங்களுக்குக் கூட ஆள் வேணும்" என்றான். அவன் தொட்டியில் எத்தனை செத்தது என்று அமல்ராணி கேட்டாள். "அத்த விடுங்கக்கா" என்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அமல்ராணி காலைப் பூசைக்குப் போய் வந்து சமைத்தாள். சாயங்காலம் சாமியார் வருவார். வீடு போன வாரம் கழுவியதுதான், அதற்குள் பழையபடி ஆகியிருந்தது. கழுவலாம் என்று விளக்குமாற்றை எடுத்தாள். வெனிலா அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஹாலில் பாயைப் போட்டாள். "சித்த நேரம் படுங்க அண்ணி. ஃபாதர் வரும்போது எழுப்பறேன்" என்றாள். அமல்ராணி ஒருக்களித்துப் படுத்தாள். தொட்டி மோட்டாரின் சத்தம் இத்தனை நாள் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு ரயில் ஓடுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடியதுதான் தெரியும்.

பேச்சுக்குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"ஸ்தோத்திரம் ஃபாதர். உள்ள வாங்க."

"யாரு, வெனிலாவா? நல்லா இருக்கியாமா? அமல்ராணி எங்க?"

"தூங்கறாங்க ஃபாதர்."

"எழுப்பட்டா?" என்றது இருதயநாதனின் குரல், ரகசியமாக. "ராணி, ராணி—"

"எழுப்பாதண்ணா" என்றாள் வெனிலா. "ஃபாதர், மெதுவா சொல்லுங்க. போதும்ல?"

"ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார் சாமியார்.

ஜெபம் ஆரம்பித்தது. வழக்கமாக வீட்டுக்காரி சொல்ல வேண்டிய பதில்களை வெனிலா சொன்னாள். தடுமாறித்தான் சொன்னாள், இடையில் ஒரு வரியை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தாள். அமல்ராணி பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார வேண்டும், தலையில் முந்தானை போட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. எழவில்லை.

தீர்த்தம் தெளிக்கும் நேரம். திடீரென்று காலடிச் சத்தம் வேகமாகத் தொட்டிப் பக்கம் ஓடியது.

"ஃபாதர், ஃபாதர், இதுல மட்டும் வேணாம்."

"ஏம்மா?"

"தீர்த்தத்துல உப்பு போட்டிருப்பீங்க. குழாய்த் தண்ணி வேற. இதுங்க இப்பதான் தேறிக்கினு வருது."

அமல்ராணி இமையைச் சற்றுத் திறந்து பார்த்தாள். வெனிலா இரண்டு கையையும் விரித்துத் தொட்டியின் மேல் கவிழ்த்தபடி நின்றாள். அவள் கைகளுக்குக் கீழே, கண்ணாடியில் மறுபடி லேசாகப் பாசி பிடித்திருந்தது. மூலையில் பழுப்பு ஸ்பாஞ்சு. அதற்கு முன்னால் மூன்று சின்ன நீலக்கோடுகள், பக்கத்தில் பக்கத்தில்.

சாமியார் தீர்த்தச் செம்பைக் கீழே இறக்கினார். "சரி. அப்போ இதுங்கள எப்படி மந்திரிக்கிறது?"

"கைய மட்டும் காட்டுங்க ஃபாதர். போதும்."

அவர் தொட்டியைப் பார்த்துக் கையை உயர்த்தி, காற்றில் சிலுவை வரைந்தார். மூன்று மீனும் அந்த அசைவுக்கு ஒன்றாகத் திரும்பின. அப்புறம் அவர் மற்ற பக்கமெல்லாம் தெளித்துக்கொண்டே வந்தார். ஒரு சொட்டு அமல்ராணியின் பாதத்தில் விழுந்தது. சில்லென்று இருந்தது. அவள் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.